நன்றியுள்ள பிராணி யார்? நாய், பூனை வளர்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பெங்களூரு மர்பி டவுனில் 30 வருஷமாகக் குடியிருக்கிறோம். காலை ஆறு மணிக்கு எங்கள் நாய் சுக்கு என்னை இழுத்துக்கொண்டு அல்சூர் ஏரிப் பக்கம் கிளம்பிவிடும். காய்ந்த இஞ்சி நிறம், அதனால் அந்தப் பெயர். தெருவில் பிறந்தது, சாதி சர்டிபிகேட் எதுவும் கிடையாது. வழியில் பால் வாங்க வருபவர்கள், கோயிலுக்குப் போகிறவர்கள், தங்கள் நாயோடு வருகிறவர்கள் எல்லாரும் நின்று ஏதாவது கேட்பார்கள். நான் டாக்டரும் இல்லை, பயிற்சி கொடுப்பவளும் இல்லை. இரண்டு நாயும் ஒரு பூனையும் வளர்த்த அனுபவமும், கொஞ்சம் படித்ததும்தான் கைவசம். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதி வைக்கிறேன்.

அக்கா, நாய்க்கு நன்றி சொன்னால் அதுக்குப் புரியுமா?

'நன்றி' என்ற சொல் புரியாது. நமக்கே அது வீட்டுச் சொல் இல்லையே. அம்மா காபி கொண்டுவந்து கொடுத்தால் 'நன்றி அம்மா' என்று எந்தத் தமிழ் வீட்டில் சொல்கிறார்கள்? அது கூட்டம் முடியும்போது மைக்கைப் பிடிப்பவரின் சொல். வீட்டுக்குள் நன்றி வேறு உருவத்தில் வரும். 'நீ சாப்பிட்டாயா' என்று கேட்பதாக வரும். டம்ளரை நாமே கழுவிக் கவிழ்த்து வைப்பதாக வரும்.

நாயிடமும் அப்படித்தான். ஹங்கேரியில், புடாபெஸ்ட் ஆராய்ச்சியாளர்கள் 13 நாய்களை ஸ்கேன் இயந்திரத்துக்குள் அசையாமல் படுக்கப் பழக்கி, அவற்றின் மூளையைப் படம் பிடித்தார்கள். 2016இல் முடிவு வெளிவந்தது. பாராட்டும் சொல்லைக் கொஞ்சும் குரலில் சொன்னார்கள். அதே சொல்லை உப்புச்சப்பில்லாத குரலில் சொன்னார்கள். பாராட்டே இல்லாத சொல்லைக் கொஞ்சும் குரலில் சொன்னார்கள். சொல்லும் குரலும் இரண்டும் பாராட்டாக இருந்தபோதுதான் மூளையில் இன்பம் தரும் பகுதி விழித்துக்கொண்டது. அதாவது போனைப் பார்த்துக்கொண்டே 'சமத்து, சமத்து' என்று சொன்னால் நாய்க்குத் தெரிந்துவிடும்.

உங்கள் வீட்டில் ஏற்கெனவே புழங்கும் கொஞ்சல் சொல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தங்கம், ராஜா, எதுவானாலும் சரி. அதை மனசார மட்டும் சொல்லுங்கள். சுக்குவுக்குப் பாராட்டு தமிழில், 'வா' என்பதற்கு 'பா' கன்னடத்தில், 'சிட்' ஆங்கிலத்தில். பெங்களூருப் பிறவி, வேறெப்படி இருக்கும்?

நாய்தானே நன்றியுள்ள பிராணி? சோறு போடுகிற நாம் ஏன் அதற்கு நன்றியாக இருக்க வேண்டும்?

எதிர்வீட்டுப் பெரியவர் ஒருவர் கேட்டது இது. கிண்டலாகத்தான் கேட்டார். ஆனால் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி.

நாயைப் பற்றிப் பள்ளியில் முதலில் எழுதிய வாக்கியமே 'நாய் நன்றியுள்ள பிராணி' என்பதுதான். கேட்கப் பாராட்டு மாதிரி இருக்கும். உள்ளே ஒரு கணக்கு இருக்கிறது. கொடுப்பது நாம், வாங்கிக்கொண்டு வாலாட்டுவது அது. நன்றி முழுவதையும் நாயின் தலையில் கட்டிவிட்டு நாம் கையைத் துடைத்துக்கொண்டோம்.

பழைய ஆட்கள் இப்படி இல்லை. கஸ்தூரிபா சாலையில் சிவப்புக் கட்டடமாக நிற்கும் அரசு அருங்காட்சியகத்துக்குள் ஒரு கல் இருக்கிறது. மண்டியா மாவட்டம் மத்தூர்ப் பக்கத்து ஆதகூரிலிருந்து வந்தது. கிபி 949-50ஐச் சேர்ந்தது. அரக்கோணம் பக்கத்துத் தக்கோலத்தில் சோழ இளவரசன் ராஜாதித்தன் உயிர்விட்ட போரைப் பற்றி அதில் இருப்பதால் வரலாற்றுக்காரர்களுக்கு அது முக்கியம். எனக்கு முக்கியம் மற்ற பாதி. அந்தப் போரில் சோழரை எதிர்த்த ராஷ்டிரகூடர் பக்கம் நின்று சண்டை போட்ட மணலேரன் என்ற வீரனுக்குப் பரிசு தர முன்வந்தார்கள். அவன் ஊரோ பொன்னோ கேட்கவில்லை. காளி என்ற வேட்டை நாயைக் கேட்டு வாங்கினான். பிறகு ஒரு காட்டுப் பன்றியோடு மோதி காளி செத்தது, பன்றியும் செத்தது. அந்த நாய்க்காக நட்ட கல் அது. நாயும் பன்றியும் மோதுவது செதுக்கியிருக்கிறது. கல்லுக்குப் பூசை நடக்க நிலமும் விட்டார்கள்.

நம் பக்கமும் உண்டு. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல், ஏழாம் நூற்றாண்டு. எருமைகளைக் காக்கச் சண்டையிட்டு இறந்த கருந்தேவக்கத்தி என்பவனின் கல். அவன் பக்கத்திலேயே நாயும் நிற்கிறது. கோவிவன் என்ற அந்த நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று தனியாகப் பொறித்திருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு வருஷம் ஆகிறது, நாயின் பெயர் இன்னும் அழியவில்லை.

பெரியவரிடம் இதைச் சொன்னேன். 'அது சண்டை போட்ட நாய், உன் நாய் சோபாவில் தூங்குகிற நாய்' என்றார். அதுவும் உண்மைதான். ஆனாலும் கொரோனா ஊரடங்கில் எங்கள் வீட்டுக்குள் நாலு பேரும் ஒருவரோடொருவர் பேசாமல் இருந்த ஒரு வாரம், நாலு பேருமே பேசியது சுக்குவிடம் மட்டும்தான். அதற்கு என்ன கல் நடுவது?

சரி, நன்றியோடு இருப்பது என்றால் தினமும் என்னதான் செய்வது?

தமிழில் 'கவனி' என்றால் உற்றுப் பார்ப்பது. 'கவனித்துக்கொள்' என்றால் பார்த்துப் பேணுவது. 'விருந்தாளியை நன்றாகக் கவனித்தார்கள்' என்கிறோம். பார்ப்பதும் பேணுவதும் ஒரே சொல்லுக்குள் இருக்கிறது. விலங்குக்கு நன்றி காட்ட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. முதலில் உற்றுப் பார்க்க வேண்டும். பார்த்ததற்கு ஏற்றபடி எதையாவது செய்ய வேண்டும். பார்க்காமல் செய்வது, அதாவது இருநூறு ரூபாய்க்கு ஒரு பொம்மை வாங்கிப் போடுவது, நம் திருப்திக்கு.

நான் செய்வது ரொம்பச் சின்ன வேலை. பால் கணக்கு எழுதுகிற நோட்டு ஒன்று சமையலறையில் தொங்குகிறது. நந்தினி பால் எத்தனை பாக்கெட் என்று எழுதுகிற அதே வரியில், சுக்கு அன்று செய்த ஒன்றை எழுதுவேன். 'காலில் தலை வைத்தது.' 'மாடியில் கொடி சரிந்ததும் குரைத்துக் கூப்பிட்டது.' 'மழையில் போக மறுத்தது, என்னைத் திரும்பிப் பார்த்தது.' ஒரு வரிக்கு மேல் எழுதமாட்டேன். எழுதினால் நாலாம் நாள் நோட்டு நின்றுவிடும்.

ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள், நன்றி சொல்லத்தக்க விஷயங்களை எழுதி வைப்பவர்களின் மனநிலை எப்படி மாறுகிறது என்று ஆராய்ந்து 2003இல் கட்டுரை வெளியிட்டார்கள். தொல்லைகளை எழுதியவர்களைவிட நன்றிகளை எழுதியவர்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றி நல்லபடியாக உணர்ந்தார்கள் என்பது அதன் சாரம். அது மனிதருக்கான பலன். என் நோட்டால் நாய்க்கே பலன் வந்தது, அதைச் சொல்கிறேன்.

2022 ஜூன் மாதம். தொடர்ந்து நாலு நாள் எழுத எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. 'படுத்திருந்தது', 'படுத்திருந்தது', 'படுத்திருந்தது' என்றே இருந்தது. பால் கணக்குப் பார்க்க நோட்டைப் புரட்டிய வீட்டுக்காரர்தான், 'என்ன, சுக்கு இந்த வாரம் வாசலுக்கே வரவில்லையா?' என்றார். அப்போதுதான் உறைத்தது. வெயில் போய் மழை வந்த அலுப்பு என்று நான் விட்டிருந்தேன். டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போய் ரத்தம் சோதித்தால் உண்ணிக் காய்ச்சல். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் மளமளவென்று இறங்கியிருந்தன. பெங்களூரில் நாய் வளர்ப்பவர்களுக்கு உண்ணிதான் முதல் எதிரி. சாப்பாட்டில் நாட்டம் குறைவது, மந்தம், ஈறு வெளிறுவது, மூக்கில் ரத்தம் என்று காட்டும். முதல் இரண்டோடு பிடித்துவிட்டால் மருந்து கேட்கும். நாங்கள் அப்படிப் பிடித்தது அந்தப் 'படுத்திருந்தது'களால்.

கட்டிப்பிடித்துக் கொஞ்சுகிறேன், அது போதாதா?

உங்களுக்குப் போதும். நாய்க்குப் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். பல நாய்கள் கட்டிப்பிடிப்பதைப் பொறுத்துக்கொள்கின்றன, அவ்வளவுதான். காது பின்னால் ஒட்டிக்கொள்ளும், முகத்தை வேறு பக்கம் திருப்பும், உதட்டை நக்கிக்கொள்ளும், கண்ணின் வெள்ளை தெரியும். போட்டோவில் நீங்கள் சிரிப்பீர்கள், அது தப்பிக்க வழி தேடும்.

ஒரு சோதனை உண்டு. மார்பிலோ காதுக்குப் பின்னாலோ மூன்று நொடி தடவிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். அது நெருங்கி வந்தாலோ மூக்கால் கையைத் தூக்கினாலோ தொடரலாம். சும்மா இருந்தால் விட்டுவிடுங்கள். 'வேண்டுமா' என்று அதனிடமே கேட்டு, அதன் பதிலை மதிப்பது இது. நான் பார்த்தவரை, இப்படிக் கேட்க ஆரம்பித்த வீடுகளில் சில வாரத்தில் நாயே தேடி வந்து ஒட்டிக்கொள்கிறது.

கண்ணோடு கண் பார்ப்பதும் நல்லது, நாய்க்குப் பழகிய ஆளாக இருந்தால். ஜப்பானில் அசாபு பல்கலைக்கழகத்தில் செய்து 2015இல் வெளிவந்த ஆய்வில், வளர்ப்பவரும் நாயும் ஒருவரையொருவர் நீண்ட நேரம் பார்த்துக்கொண்ட ஜோடிகளில் இரண்டு பேருக்குமே ஆக்ஸிடோசின் கூடியது. தாய்க்கும் கைக்குழந்தைக்கும் இடையே பாசத்தைக் கட்டுகிற அதே ஹார்மோன். மனிதர் வளர்த்த ஓநாய்களிடம் இது நடக்கவில்லை. ஆனால் தெருவில் தெரியாத நாயை உற்றுப் பார்க்காதீர்கள். அதன் மொழியில் அது சண்டைக்குக் கூப்பிடுவது.

ஆபீஸ், டிராஃபிக் எல்லாம் போக எனக்கு நேரமே இல்லை. குற்ற உணர்ச்சிதான் மிஞ்சுகிறது. என்ன செய்ய?

ஒயிட்ஃபீல்டு வரை போய் வருகிற தம்பி ஒருவர் கேட்டார். சில்க் போர்டு நெரிசலில் நிற்கும்போதெல்லாம் நாயின் முகம் ஞாபகம் வருகிறதாம். வீட்டுக்கு வந்ததும் அந்த உணர்ச்சியைத் தீர்க்க ஒரு பாக்கெட் பிஸ்கட். நாய் குண்டாகிவிட்டது, குற்ற உணர்ச்சி அப்படியே இருக்கிறது.

தம்பி, நேரத்தைக் கூட்ட முடியாவிட்டால் இருக்கிற நடையை அதன் கையில் கொடுங்கள். இருபது நிமிஷ நடையில் பத்து நிமிஷம் நாய் போகிற பக்கம் நீங்கள் போங்கள். கம்பத்தை மூன்று நிமிஷம் முகர்ந்தால் நில்லுங்கள். நமக்கு அது கம்பம், அதற்கு அது தெருவின் பேப்பர். நேற்று யார் வந்தார், யாருக்கு உடம்பு சரியில்லை, எல்லாம் அங்கேதான் இருக்கிறது. பாதி படிக்கும்போதே பேப்பரைப் பிடுங்கினால் நமக்கு எப்படி இருக்கும்? காதில் இயர்போன் வேண்டாம். கயிறு தளர்வாக இருக்கட்டும். நடைக்குக் கூட்டிப்போக ஆள் வைத்திருந்தால் அவரிடமும் இதைச் சொல்லிவையுங்கள். பெரும்பாலும் அவர்கள் நாலு நாயை இழுத்துக்கொண்டு ஓடுகிறார்கள்.

காலையில் செருப்பு மாட்டும் முன் இரண்டு நிமிஷம் தரையில் உட்காருங்கள். அதுவும் கணக்கில் சேரும்.

செருப்பைக் கடித்துக் குதறிவிட்டது, அடித்துவிட்டேன். அது குற்ற உணர்ச்சியோடு பார்த்தது. இந்த லட்சணத்தில் நன்றி எப்படி வரும்?

வராது, வர வேண்டாம். கோபம் வந்த அன்று நோட்டில் 'செருப்பு' என்று மட்டும் எழுதுங்கள். என் நோட்டில் அப்படி ஏழெட்டு இருக்கின்றன.

ஆனால் அந்தப் 'பார்வை' பற்றி ஒன்று. அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் 2009இல் இதைச் சோதித்தார். தின்னக்கூடாது என்று சொல்லிவிட்டு வளர்ப்பவர் அறையை விட்டுப் போவார். திரும்பி வந்ததும், நாய் தின்றதா இல்லையா என்று சில நேரம் உண்மையும் சில நேரம் பொய்யும் அவருக்குச் சொல்லப்படும். நாய் தின்றதோ இல்லையோ, திட்டு வாங்கியபோதெல்லாம் அந்தப் பார்வை வந்தது. தின்னாமலேயே திட்டு வாங்கிய நாய்களிடம்தான் கூடுதலாகத் தெரிந்தது. ஆகவே அது செருப்பை நினைத்து வருந்தவில்லை, உங்கள் முகத்தைப் பார்த்துப் பயந்தது. சாயந்திரம் வந்து காலையில் கடித்த செருப்புக்காக அடித்தால், நீங்கள் வீட்டுக்கு வந்ததற்காக அடித்ததாகத்தான் அதற்குப் படும். அடிக்காதீர்கள். செருப்பை உயரத்தில் வையுங்கள், கடிக்க வேறு எதையாவது கொடுங்கள். மன்னிப்பு வேறு தனியாகக் கேட்க வேண்டாம், நாளைய நடை ஒழுங்காக இருந்தால் போதும்.

பூனை நன்றிகெட்டது என்கிறார்களே?

பூனைக்கு இந்தக் கெட்ட பெயர் வந்தது அது நாய் மாதிரி இல்லை என்பதால். மாமியாரை அம்மாவோடு ஒப்பிட்டுப் பார்ப்பது போலத்தான்.

எங்களிடம் இருந்த அம்மிணி என்ற பூனை பதினோரு வருஷத்தில் ஒரு முறைகூட மடியில் உட்கார்ந்ததில்லை. நான் எந்த அறைக்குப் போனாலும் இரண்டு நிமிஷம் கழித்து அங்கே ஒரு மூலையில் இருக்கும். அதுதான் அதன் பாஷை என்று புரிய எனக்கு நாலு வருஷம் ஆயிற்று.

பூனையிடம் பேச ஒரு வழி நிச்சயமாகச் சொல்லலாம். கண்ணை மெதுவாகப் பாதி மூடி, ஒரு கணம் வைத்து, மெதுவாகத் திறங்கள். இங்கிலாந்தின் சஸெக்ஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வில், வளர்ப்பவர்கள் இப்படிச் செய்தபோது பூனைகளும் பதிலுக்குக் கண்ணைச் சுருக்கின. முன்பின் தெரியாதவர் செய்தபோதும், வெறுமனே பார்த்த ஆளைவிட அவரிடம் வர அதிகம் முன்வந்தன. தன் பெயரையும் பூனை பிரித்தறியும் என்று ஜப்பானில் 2019இல் காட்டினார்கள். கூப்பிட்டால் வருமா என்பது வேறு விஷயம்.

பல்லியைப் பிடித்து உங்கள் காலடியில் போட்டால் கத்தாதீர்கள். அது வேட்டைப் பிராணி. பிடித்ததைப் பத்திரமான இடத்துக்குக் கொண்டுவருகிறது. அந்த இடம் உங்கள் காலடி என்றால் பெருமைப்பட்டுக்கொண்டு, பேப்பரில் எடுத்து வெளியே போடுங்கள்.

மல்லேஸ்வரம் மாமி ஒருவர், 'எங்கள் ஆத்துப் பூனையும் சைவம், பால் சாதம்தான்' என்று சந்தோஷமாகச் சொன்னார். மாமி கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, அது பூனைக்குச் செய்கிற கெடுதல். டாரின் என்ற சத்து இறைச்சியிலும் மீனிலும்தான் கிடைக்கும். பூனையின் உடம்பால் அதைத் தேவையான அளவு தானே தயாரிக்க முடியாது. குறைந்தால் கண்ணும் இதயமும் பழுதாகும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலும் செரிக்காது. வீட்டில் மீன் கழுவ முடியாதென்றால் பூனைக்கென்று விற்கும் தீனியை வாங்குங்கள். அதுவும் முடியாதென்றால் பூனை வேண்டாம், முயல் வளர்க்கலாம்.

மாட்டுப் பொங்கலுக்கு மாட்டைக் கும்பிடுகிறோம். நாய்க்கும் பூனைக்கும் செய்யலாமா?

தாராளமாக. நேபாளத்தில் திஹார் பண்டிகையின் இரண்டாம் நாள் முழுக்க நாய்களுக்குத்தான். நெற்றியில் பொட்டு, கழுத்தில் சாமந்தி மாலை, தெரு நாய்க்கும் விருந்து. நம் ஊரில் பைரவர் கோயிலில் நாயை வணங்கிவிட்டு வெளியே வந்து கல்லெறிகிறோம், அதைவிட இது எவ்வளவோ மேல்.

கர்நாடகத்திலும் சங்கராந்திக்கு மாடுகளைக் குளிப்பாட்டி அலங்கரித்து நெருப்புத் தாண்ட வைப்பார்கள். எங்கள் தெருவில் இப்போது மாடு இல்லை. அதனால் மாட்டுப் பொங்கலன்று சுக்குவுக்குத்தான் மரியாதை. சில எச்சரிக்கைகள் மட்டும். கடைக் குங்குமம் வேண்டாம், கண்ணில் படும், நக்கும். இழைத்த சந்தனம் ஒரு பொட்டு போதும். மாலையைப் படம் எடுத்ததும் கழற்றிவிடுங்கள். நூலை விழுங்கினால் குடலில் சிக்கும்.

சாப்பாட்டில்தான் பெரிய தப்பு நடக்கிறது. அன்பு மிகுதியில் சர்க்கரைப் பொங்கலை வைப்பார்கள். அதில் காய்ந்த திராட்சை இருக்கும். திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுத்து உயிருக்கே உலை வைக்கலாம், எவ்வளவு தின்றால் ஆபத்து என்று அளவு சொல்ல முடியாது. கேசரி, பாயசம் இரண்டுக்கும் இதே கதை. சாம்பாரிலும் வடையிலும் வெங்காயம். வெங்காயமும் பூண்டும் நாய், பூனை இரண்டின் சிவப்பணுக்களையும் அழிக்கும். சாக்லேட்டும், சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் இருக்கும் சைலிட்டாலும் நாய்க்கு விஷம். வேகவைத்த கோழி எலும்பு உடைந்து குத்தும். நாங்கள் பொங்கல் பானையிலிருந்து வெல்லமும் நெய்யும் சேர்க்கும் முன்பே ஒரு கரண்டி வெறும் சோற்றை எடுத்து வைத்து, ஆறியதும் அவித்த முட்டையோடு பிசைந்து கொடுப்போம். தாளிக்காத தயிர் சாதமும் சுக்குவுக்கு ஒத்துக்கொள்கிறது.

தீபாவளிக்கு மரியாதை என்பது உள்ளறை, மூடிய ஜன்னல், சத்தமாக ஓடும் ஃபேன், பக்கத்தில் ஒரு ஆள். பயந்த நாயைத் தடவிக் கொடுத்தால் பயம் கூடும் என்பது வெறும் பேச்சு.

தத்தெடுத்து மூன்று மாதம் ஆகிறது. கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வரவே மாட்டேன் என்கிறது. தெருவிலிருந்து காப்பாற்றியதற்கு நன்றி வேண்டாமா?

உங்கள் ஏமாற்றம் புரிகிறது. ஆனால் அது 'காப்பாற்றுங்கள்' என்று விண்ணப்பம் போடவில்லை. தெரிந்த தெரு, தெரிந்த வாசனை, தெரிந்த ஆபத்து எல்லாவற்றையும் இழந்து, வழுக்குகிற டைல்ஸ் தரையில் மிக்ஸி சத்தத்தோடு இருக்கிறது.

அது உங்களை நம்பக் கடமைப்பட்டது என்ற எண்ணத்தை விடுங்கள். அது கொடுப்பதை மட்டும் பாருங்கள். முதல் வாரம் நீங்கள் அறையில் இருந்தால் சாப்பிடவில்லை, இப்போது சாப்பிடுகிறதா? அது பெரிய கொடை, நோட்டில் எழுதுங்கள். கட்டிலுக்கு அடியிலிருந்து இழுக்காதீர்கள். பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அதைப் பார்க்காமல், கீரை ஆயுங்கள். நான் சும்மா சொல்லவில்லை. சுக்கு வந்த புதிதில் நான் ஆய்ந்த முருங்கைக்கீரைக்குக் கணக்கே இல்லை. நாற்பத்தோராம் நாள் என் முதுகில் ஒரு ஈர மூக்கு பட்டது. திரும்பிப் பார்க்காமல் இருந்ததுதான் என் வாழ்க்கையிலேயே கஷ்டமான காரியம்.

ஆறு மாதம் ஆகியும் நடுங்கினால் டாக்டரிடம் காட்டுங்கள். வலியும் அப்படி ஒளிய வைக்கும்.

குழந்தைகளுக்கு இதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

சொல்லிக்கொடுக்க வேண்டாம், ஒரு வேலையைக் கொடுங்கள். தண்ணீர்க் கிண்ணம் கழுவி நிரப்புவது ஐந்து வயசுக்கே முடியும். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் தொடக்கூடாது என்பது சட்டம். சின்னப் பிள்ளையையும் நாயையும் தனியாக விட்டுவிட்டு எழுந்து போகக்கூடாது, எவ்வளவு நல்ல நாயாக இருந்தாலும். நாயோடு வளர்ந்த என் மகன் இன்றைக்கும் யார் தோளையாவது தொடும் முன் ஒரு நொடி தயங்குவான். அந்தத் தயக்கம் எனக்குப் பிடிக்கும்.

கிளி வளர்க்கிறோம். அதற்கும் இதெல்லாம் பொருந்துமா?

நம் ஊர்ப் பச்சைக்கிளி என்றால் பதில் வேறு. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதைக் கூண்டில் வைப்பது குற்றம். அதற்காக இன்றே ஜன்னலைத் திறந்து பறக்கவிடாதீர்கள். கையில் வளர்ந்த கிளிக்கு இரை தேடத் தெரியாது, காக்கை கொத்திவிடும். வனத்துறையிடமோ பறவை மீட்பு மையத்திடமோ ஒப்படையுங்கள்.

தெரு நாய்களுக்கு ஏதாவது செய்ய நினைக்கிறேன்.

சோறு போடுவதோடு நிறுத்தாதீர்கள். போடுகிற நாய்க்குக் கருத்தடையும் வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். காதில் முக்கோணமாக வெட்டு இருந்தால் கருத்தடை ஆனது. பள்ளிக்கூட வாசல், பஸ் நிறுத்தம் பக்கம் போடாமல் ஒதுக்குப்புறமாகப் போடுங்கள், பயப்படுகிறவர்களும் நம் தெருக்காரர்கள்தான். யாரையாவது கடித்தால் உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவி, ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். மஞ்சள் வைத்துக் கட்டுவதெல்லாம் கூடாது.

பழைய துண்டு, போர்வை, செய்தித்தாள் இருந்தால் காப்பகங்களுக்குக் கொடுக்கலாம். 1991லிருந்து இந்த ஊரில் வேலை செய்யும் க்யூபா (CUPA) மாதிரி பிராணிநல அமைப்புகள் உண்டு. உங்கள் நாய் பெரியதாகவும் ஆரோக்கியமாகவும் இருந்தால் ரத்த தானம் செய்ய முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். உண்ணிக் காய்ச்சல் முற்றிய நாய்கள் பல ரத்தம் கிடைக்காமல் சாகின்றன.

வயசாகிவிட்டது, இனி ரொம்ப நாள் இல்லை என்கிறார் டாக்டர். இப்போது என்ன செய்வது?

சுக்குவுக்கு முன் எங்களிடம் இருந்த மணி பதினான்கு வயசில், 2017இல் போனான். கடைசி இரண்டு மாதம் பின்னங்கால் வேலை செய்யவில்லை. தரையில் வழுக்காமல் இருக்கப் பழைய கோணிகளை வீடு முழுக்க விரித்தோம். தட்டை உயர்த்தி வைத்தோம், குனியத் தேவையில்லாமல். பழகிய தெருமுனை வரை துண்டைத் தொட்டில் மாதிரி கட்டித் தூக்கிக்கொண்டு போவார் வீட்டுக்காரர். முகர்ந்து பார்த்ததும் திரும்புவோம். இவையெல்லாம் முன்பே அவனைப் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டவை. எந்தக் கம்பம், எந்த மூலை என்று தெரிந்திருந்தது.

வலி அடங்காதபோது ஊசி போட்டுத் தூங்க வைப்பது பற்றி டாக்டர் பேசுவார். அந்த முடிவை யாரும் உங்களுக்காக எடுக்க முடியாது. எடுத்தால், கடைசி நிமிஷத்தில் அறையை விட்டு வெளியே போகாதீர்கள். அது உங்கள் முகத்தைத்தான் தேடும்.

பிறகு எங்கே கொண்டுபோவது என்று அழுதுகொண்டே தேட வேண்டாம், முன்பே விசாரித்து வையுங்கள். கெங்கேரிப் பக்கம் பீப்பிள் ஃபார் அனிமல்ஸ் இடத்தில் செல்லப் பிராணிகளைப் புதைக்க வசதி உண்டு. 'நாய்க்குப் போய் அழுவார்களா' என்று கேட்கும் சொந்தக்காரர்கள் இருப்பார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லாமல் அழுங்கள்.

மணியின் அலுமினியத் தட்டை என்னால் தூக்கிப் போட முடியவில்லை. ஓரமெல்லாம் அவன் பல் தடம். அதில் தண்ணீர் ஊற்றிக் கேட்டுக்கு வெளியே வைத்தேன், தெரு நாய்கள் குடிக்கட்டும் என்று. 2019 கோடையில் காய்ந்த இஞ்சி நிறத்தில் ஒரு குட்டி வந்து குடிக்க ஆரம்பித்தது. தட்டு இன்னும் அங்கேயே இருக்கிறது. தினமும் தேய்த்துத் தண்ணீரை மாற்றுங்கள், இல்லாவிட்டால் கொசு முட்டையிடும்.